பலசாலிகள் ஏறிய கோர்ட்டுப் படி

பீமனும் அனுமனும் மோதினால் ஜெயிப்பது யார்?

சின்ன வயதில் இந்த மாதிரிச் சர்ச்சையில் இறங்காதவர் நம்மில் யாராவது உண்டா? ‘கர்ணனா, அர்ஜுனனா?’ என்று சாதாரணமாக ஆரம்பிக்கும். கொஞ்ச நேரத்தில் பேச்சு முற்றி, சட்டைக் காலரைப் பிடிப்பதில் போய் முடியும். பீமன் - அனுமன் விஷயத்தில் மட்டும் மகாபாரதமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. வழியில் படுத்துக்கிடந்த கிழக் குரங்கின் வாலைக்கூட பீமனால் நகர்த்த முடியவில்லை. கேஸ் முடிந்தது!

ஆனால், இதே மாதிரி ஒரு சண்டை நிஜமாகவே கோர்ட்டுக்குப் போயிருக்கிறது என்றால் நம்புவீர்களா? கோட்டும் சூட்டும் போட்ட வக்கீல்கள், வழுக்கைத் தலை நீதிபதிகள், கட்டுக்கட்டாகச் சாட்சியங்கள்... ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, 12 வருஷம் இழுத்தது வழக்கு. இடம்: நியூயார்க். ஒரு பக்கம் சூப்பர்மேன். மறுபக்கம் கேப்டன் மார்வெல்.

சட்டத்தின் பாஷையில் கேள்வி, ‘யார் யாரைப் பார்த்துக் காப்பியடித்தார்?’ என்பதுதான். ஆனால், வழக்கு போட்டவர்களின் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் வேறு. தெருவுக்குத் தெரு அமெரிக்கப் பையன்கள், ‘இரண்டு பேரில் யார் பெரிய ஆள்?’ என்ற கேள்விக்குத் தப்பான பதிலைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள்!

கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

1930-களின் கிளீவ்லாண்ட் நகரம். அமெரிக்காவே பொருளாதார வீழ்ச்சியில் சுருண்டு கிடந்த நேரம். ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்று இரண்டு பள்ளிக்கூடப் பையன்கள். இருவருமே ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். இரண்டு பேருக்கும் மூக்குக் கண்ணாடி, கூச்ச சுபாவம். பெண்கள் திரும்பிப் பார்க்காத ரகம். சீகல் எழுதுவார், ஷூஸ்டர் வரைவார். வரையத் தாள் வாங்கக் காசிருக்காது. கசாப்புக்கடையில் பொட்டலம் கட்டும் காகிதத்தில்கூடப் படம் போட்டிருக்கிறார் ஷூஸ்டர்.

1932-ல் சீகலின் அப்பா நடத்திவந்த துணிக்கடையில் திருடர்கள் புகுந்தார்கள். அந்தக் களேபரத்திலேயே அப்பா இறந்துபோனார். அதற்கப்புறம் சில வருஷங்களில் அந்தப் பையன் உருவாக்கிய நாயகன், துப்பாக்கிக் குண்டு பட்டால் சிரித்துக்கொண்டே நிற்பவன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறேன்.

அந்த நாயகனைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் ஏறாத படி இல்லை. வருஷக்கணக்கில் எல்லோரும் ‘வேண்டாம்’ என்றார்கள். கடைசியில் நியூயார்க்கில் ஒரு காமிக்ஸ் கம்பெனி (பிற்காலத்தில் ‘டிசி’ என்று பெயர் பெற்றது) 13 பக்கத்தை வாங்கிக்கொண்டது. பக்கத்துக்குப் 10 டாலர். ஆக மொத்தம் 130 டாலர். ஆளுக்கு 65! கூடவே ஒரு காகிதத்தில் கையெழுத்து: ‘இந்தக் கதாபாத்திரத்தின் சகல உரிமைகளும் இனி என்றென்றைக்கும் கம்பெனிக்கே சொந்தம்.’ தேதி, 1938 மார்ச் 1. பையன்களுக்கு அப்போது வயது 23.

அந்தக் கையெழுத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

அதே வருஷம் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் வந்து குதித்தார் சூப்பர்மேன். விலை 10 சென்ட். ‘குதித்தார்’ என்று சும்மா சொல்லவில்லை. அப்போது அவருக்குப் பறக்கத் தெரியாது! ஒரே தாவலில் சுமார் 200 மீட்டர் தாண்டுவார். இருபது மாடிக் கட்டடத்தை எகிறிக் கடப்பார். ரயிலைவிட வேகமாக ஓடுவார். பீரங்கிக் குண்டு வெடித்தால் அவருடைய தோல்கூட லேசாகக் கிழியலாம். இவ்வளவுதான் ஆரம்பகால சூப்பர்மேன். சுமாரான பலசாலி!

விற்பனை ஏற ஏற, பலமும் ஏறியது. 1940-ல் ரேடியோ நாடகம், 1941-ல் கார்ட்டூன் படம். தவளை மாதிரி தாவிக்கொண்டிருந்தவர் அவற்றில் பறக்கவே ஆரம்பித்துவிட்டார். அப்புறம் ஒரு சிக்கல் வந்தது. யாராலும் வெல்ல முடியாதவனை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்வது? 1943-ல் ரேடியோக்காரர்கள் அவரைச் சுருண்டு விழவைக்கும் ‘கிரிப்டோனைட்’ என்ற கல்லைக் கொண்டுவந்தார்கள். ஆக, பலத்தைக் கொடுத்ததும் வியாபாரம்தான், பலவீனத்தைக் கொடுத்ததும் வியாபாரம்தான்!

சூப்பர்மேனில் பணம் கொட்டுவதைப் பார்த்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1939-லேயே விக்டர் ஃபாக்ஸ் என்ற பதிப்பாளர் ‘வொண்டர்மேன்’ என்று ஒருவரை இறக்கினார். அவரும் குண்டு துளைக்காதவர், அவரும் எகிறிக் குதிப்பவர். சூப்பர்மேன் கம்பெனி உடனே கோர்ட்டுக்குப் போய்விட்டது.

எதிர்த்தரப்பு என்ன சொன்னது தெரியுமா? ‘அசுர பலம் கொண்டவன், நல்லவர்களைக் காப்பவன் என்பதெல்லாம் உங்கள் கண்டுபிடிப்பா? ஹெர்குலிஸ் காலத்திலிருந்து இருக்கிறதே!’ நியாயமான கேள்விதான். 1940-ல் மேல்முறையீட்டில் தீர்ப்பு எழுதிய நீதிபதி அகஸ்டஸ் ஹேண்ட் அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். ‘நல்ல மனசுள்ள ஹெர்குலிஸ்’ என்ற பொதுவான கற்பனைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. ஆனால், அந்தக் கற்பனைக்குச் சூப்பர்மேனை எழுதியவர் கொடுத்த குறிப்பிட்ட உருவமும் சம்பவங்களும் சொத்துதான். அவற்றை எடுத்தது திருட்டு... இதுதான் தீர்ப்பின் சாரம். வொண்டர்மேன் ஒரே இதழோடு மூட்டை கட்டினார்.

நினைத்துப்பாருங்கள். உலக சரித்திரத்தில் முதல்முறையாக, ஒரு வீரனின் புஜபலத்தில் எவ்வளவு பொதுச்சொத்து, எவ்வளவு தனியார் சொத்து என்று ஒரு கோர்ட்டு கோடு கிழித்தது!

அந்தத் தீர்ப்பின் மை காய்வதற்கு முன்பே அடுத்தவர் களத்தில் இருந்தார். ஃபாஸெட் என்ற பெரிய பத்திரிகை நிறுவனம் 1940 ஆரம்பத்தில் ‘கேப்டன் மார்வெலை’க் கொண்டுவந்தது. கதை எழுதியவர் பில் பார்க்கர், வரைந்தவர் சி.சி.பெக்.

இங்கேதான் ஒரு சாமர்த்தியம். நாயகன் வேற்றுக் கிரகத்துக்காரன் அல்ல. பேப்பர் போடும் அநாதைப் பையன், பெயர் பில்லி பேட்ஸன். ராத்திரி தூங்குவது சுரங்க ரயில் நிலையத்தில். ஒரு கிழ மந்திரவாதி அவனைக் கூப்பிட்டு ‘ஷஸாம்’ என்று ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்கிறார். அதைச் சொன்னதும் மின்னல் வெட்டும். பொடியன் நின்ற இடத்தில் சிவப்பு உடையில் ஒரு மாவீரன் நிற்பான்!

அந்த ‘ஷஸாம்’, ஆறு பேருடைய பெயர்களின் முதல் ஆங்கில எழுத்துகள் சேர்ந்தது. சாலமன் மன்னனின் அறிவு, ஹெர்குலிஸின் வலிமை, அட்லஸின் தாங்குசக்தி, ஸீயஸின் ஆற்றல், அக்கிலிஸின் துணிச்சல், மெர்க்குரியின் வேகம். ‘யார் பெரிய பலசாலி?’ என்று பல நூறு வருஷமாகச் சண்டை போடுவானேன்... எல்லோரையும் சேர்த்து ஒரே ஆளுக்குள் போட்டுவிட்டால் போச்சு என்று முடிவு செய்துவிட்டார்கள்!

பையன்கள் சொக்கிப்போனார்கள். சூப்பர்மேனாக வேண்டுமென்றால் கிரிப்டான் கிரகத்தில் பிறந்திருக்க வேண்டும். கேப்டன் மார்வெல் ஆவதற்கு ஒரு வார்த்தை தெரிந்தால் போதுமே! 1941-ல் அவர் சினிமாத் தொடரிலும் வந்துவிட்டார். சூப்பர்மேனை ஒரு நடிகர் உடையணிந்து திரையில் காட்டியது அதற்கு ஏழு வருஷம் கழித்துத்தான். 1944-ல் கேப்டன் மார்வெலின் பத்திரிகை மட்டும் சுமார் ஒரு கோடியே 40 லட்சம் பிரதிகள் விற்றது. கடைகளில் சூப்பர்மேனை முந்திவிட்டார் கேப்டன்.

சூப்பர்மேன் கம்பெனி அதுவரை காத்திருக்கவில்லை. 1941 செப்டம்பரிலேயே வழக்கு போட்டுவிட்டது.

இங்கே வழக்கைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். இவர்கள் ‘யார் பலசாலி?’ என்று காகிதத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது, வெளியே நிஜமான யுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1940 பிப்ரவரியில் ‘லுக்’ என்ற பத்திரிகை சீகலையும் ஷூஸ்டரையும் கேட்டது: ‘சூப்பர்மேன் நினைத்தால் இந்த யுத்தத்தை எப்படி முடிப்பார்?’ இரண்டே பக்கத்தில் முடித்துவிட்டார்கள். ஹிட்லரையும் ஸ்டாலினையும் பூனைக்குட்டி மாதிரி கழுத்தில் பிடித்துத் தூக்கிவந்து, ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் முன்னால் நிறுத்தினார் சூப்பர்மேன். நாஜிகளின் எஸ்.எஸ். படை நடத்திய பத்திரிகைக்கு இது பொறுக்கவில்லை. சீகல் ஒரு யூதர் என்பதைக் குத்திக்காட்டி வசைமாரி பொழிந்தது. கற்பனை வீரனைப் பார்த்து நிஜ சர்வாதிகாரியின் ஆட்களுக்குக் கோபம்!

ஆனால், அமெரிக்காவே யுத்தத்தில் இறங்கியதும் தர்மசங்கடம். இரண்டு பக்கத்தில் ஹிட்லரைப் பிடித்தவர், இப்போது ஏன் சும்மா இருக்கிறார்? தினமும் நிஜச் சிப்பாய்கள் செத்துக்கொண்டிருக்கும்போது படக்கதையில் ஒருவர் ஒண்டியாக யுத்தத்தை முடித்தால் அது அவர்களைக் கேலி செய்வதுபோல ஆகாதா? 1942-ல் நாளிதழ்த் தொடரில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சூப்பர்மேன், க்ளார்க் கென்ட் என்ற பெயரில் ராணுவத்தில் சேரப் போகிறார். கண் பரிசோதனை. சுவரை ஊடுருவிப் பார்க்கும் கண் அல்லவா? தன்னையறியாமல் பக்கத்து அறையில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் படித்துவிடுகிறார். ‘பார்வை சரியில்லை, போய் வாருங்கள்!’ என்று அனுப்பிவிடுகிறார்கள்.

உலகின் மகா பலசாலி, கண் டாக்டரிடம் ஃபெயில்! நிஜ உலகம் கதவைத் தட்டினால், கதை நாயகர்கள் இப்படித்தான் பின்வாசல் வழியாக நழுவ வேண்டியிருக்கிறது. அவரைப் படைத்த சீகலுக்கு அந்த வசதி இல்லை. 1943-ல் ராணுவத்துக்கு அழைப்பு வந்தது, போனார்.

சரி, வழக்குக்கு வருவோம்.

விசாரணைக்கு வரவே 1948 ஆகிவிட்டது. இரண்டு பேரும் இறுக்கமான உடை, தோளில் துணி, குண்டு துளைக்காத உடம்பு. இவர் காரைத் தலைக்கு மேல் தூக்கினார்; அவர் காரைச் சுவரில் வீசினார். இரண்டு பேருமே மாற்று உருவத்தில் செய்தி வேலை பார்ப்பவர்கள் (க்ளார்க் கென்ட் நாளிதழில், பில்லி ரேடியோவில்). இரண்டு பேருக்குமே எதிரி மொட்டைத் தலை விஞ்ஞானி! வயதான கனவான்கள் படக்கதைகளை வைத்துக்கொண்டு, எது எதைப் பார்த்து வரையப்பட்டது என்று மண்டையைக் குடைந்தார்கள்.

1950-ல் தீர்ப்பு. நீதிபதி காக்ஸ், ‘காப்பியடித்தது உண்மைதான்’ என்றார். அப்படியானால் சூப்பர்மேன் ஜெயித்தாரா? அதுதான் இல்லை! நாளிதழ்களுக்கு சூப்பர்மேன் தொடரை விநியோகித்தவர்கள், பல இடங்களில் அடியில் போட வேண்டிய காப்புரிமைக் குறிப்பைச் சரியாகப் போடவில்லை. ‘உங்கள் சொத்தை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள்’ என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார்.

ரயிலைவிட வேகமாக ஓடியவர், ஒரு வட்டத்துக்குள் போட வேண்டிய ஒற்றை எழுத்தில் தடுக்கி விழுந்தார்!

கம்பெனி விடவில்லை. அப்பீல். 1951-ல் அதை விசாரித்தவர் லேர்னட் ஹேண்ட். அமெரிக்க நீதித்துறையில் மிகப் பெரிய பெயர். வொண்டர்மேனுக்கு முடிவு கட்டிய அகஸ்டஸ் ஹேண்டின் சித்தப்பா, பெரியப்பா வழிச் சகோதரர்தான் இவர்! ‘குறிப்பு போட மறந்தால் சொத்தைக் கைவிட்டதாக அர்த்தமல்ல’ என்றார் லேர்னட் ஹேண்ட். எந்தெந்தப் படக்கதை காப்பி என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கும்படி வழக்கைக் கீழ்க்கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

அதாவது, மறுபடி முதலிலிருந்து! ஃபாஸெட் கம்பெனி கணக்குப் போட்டுப் பார்த்தது. யுத்தம் முடிந்தபிறகு, இந்த மாதிரி வீரர்கள் மேல் ஜனங்களுக்கு இருந்த மோகம் வடிந்துகொண்டிருந்தது. விற்பனை படுத்துவிட்டது. வக்கீல் செலவோ ஏறிக்கொண்டிருந்தது. 1953-ல் சமரசம். நான்கு லட்சம் டாலரைக் கொடுத்துவிட்டு, கேப்டன் மார்வெலை நிறுத்திக்கொள்வதாக எழுதிக்கொடுத்தது ஃபாஸெட்.

ஹெர்குலிஸ், ஸீயஸ், அக்கிலிஸ் உட்பட ஆறு பேரின் மொத்த பலத்தையும் வைத்திருந்த மாவீரனை எந்த வில்லனாலும் கொல்ல முடியவில்லை. ஒரு கணக்குப் பிள்ளையின் பேனா கொன்றுவிட்டது.

கூத்து இன்னும் இருக்கிறது. கேப்டன் மார்வெல் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதிக் குவித்த ஆட்டோ பைண்டர், பிறகு எதிர் முகாமுக்கே வந்து சூப்பர்மேன் கதைகளை எழுதினார். தோற்றவரின் மூளை ஜெயித்தவரின் வீட்டிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டது! 1967-ல் சும்மா கிடந்த ‘கேப்டன் மார்வெல்’ என்ற பெயரை மார்வெல் கம்பெனி எடுத்துக்கொண்டு வேறொரு நாயகனுக்குச் சூட்டியது. 1972-ல் பழைய கேப்டன் மார்வெலைப் பயன்படுத்தும் உரிமையை வாங்கியது யார் தெரியுமா? அவரைக் குழிதோண்டிப் புதைத்த அதே டிசி! ஆனால், பத்திரிகைக்கு அவருடைய சொந்தப் பெயரை வைக்க முடியாது. ‘ஷஸாம்’ என்றுதான் வைக்க வேண்டியிருந்தது. 2019-ல் ஒரே மாத இடைவெளியில் ‘கேப்டன் மார்வெல்’, ‘ஷஸாம்’ என்று இரண்டு சினிமாக்கள் வந்தனவே... அந்தக் குழப்பத்தின் வேர் இந்த வழக்கில்தான் இருக்கிறது.

ஆக, ஜெயித்தது சூப்பர்மேன்?

இப்போது அந்த 130 டாலர் கையெழுத்துக்கு வருகிறேன். சூப்பர்மேனின் சொத்தைக் காப்பாற்ற வக்கீல்கள் வரிந்துகட்டி நின்றார்களே, அந்தச் சொத்தில் அவரைப் பெற்றவர்களுக்குச் சல்லிக்காசு பாத்தியதை கிடையாது! ‘எங்கள் பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள்’ என்று 1947-ல் இருவரும் வழக்குப் போட்டார்கள். மறு வருஷம் தீர்ப்பு: சூப்பர்மேன் கம்பெனிக்கே சொந்தம். அவரை வைத்து சீகல் யோசித்திருந்த ‘சூப்பர்பாய்’க்காக மட்டும் 94 ஆயிரம் டாலர் சொச்சம் கொடுத்துக் கணக்கை முடித்துவிட்டு, இருவரையும் வெளியே அனுப்பினார்கள். கதைகளின் மேல் இருந்த அவர்கள் பெயரும் போய்விட்டது. ஷூஸ்டருக்குப் பார்வை மங்கி, வரையும் வேலையே போனது. 1970-களில், தான் உருவாக்கிய நாயகனை வைத்து உலகமே பணம் பண்ணிக்கொண்டிருந்தபோது சீகல் ஒரு குமாஸ்தா.

1975-ல், சூப்பர்மேனைப் பிரம்மாண்டமான சினிமாவாக எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் சீகலுக்குப் பொறுக்கவில்லை. பத்திரிகைகளுக்கு நீளமாக ஒரு அறிக்கை அனுப்பினார். அதில் அந்தப் படத்துக்குச் சாபமே விட்டிருந்தார்! சக ஓவியர்கள் அவர்கள் பக்கம் நின்று குரல்கொடுத்தார்கள். விஷயம் நாறியதும் கம்பெனி இறங்கிவந்தது. ஆளுக்கு வருஷம் 20 ஆயிரம் டாலர். கூடவே, ‘உருவாக்கியவர்கள்: சீகல், ஷூஸ்டர்’ என்ற வரி.

1978-ல் படம் வந்தது. சூப்பர்மேனின் அப்பாவாக சில நிமிஷங்கள் வந்து போன மார்லன் பிராண்டோவுக்கு 37 லட்சம் டாலர். நிஜமான அப்பாக்களுக்கு வருஷம் 20 ஆயிரம்!

1992-ல் ஷூஸ்டரும் 1996-ல் சீகலும் போய்ச்சேர்ந்தார்கள். வாரிசுகளும் கோர்ட்டு வாசலில் நின்றார்கள். 2013-ல் மேல்முறையீட்டுக் கோர்ட்டும் கம்பெனி பக்கமே சாய்ந்தது. இதற்கிடையில் 2012-ல் ஒரு பழைய செக் ஏலத்துக்கு வந்தது. அந்த 130 டாலரையும் சேர்த்து கம்பெனி கொடுத்திருந்த 412 டாலர் செக். இருவருடைய பெயரிலும் எழுத்துப்பிழை! அந்த வெறும் காகிதம் விலைபோனது ஒரு லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு.

இப்போது சொல்லுங்கள். இந்தக் கதையில் பலசாலி யார்? சூப்பர்மேனா? அவர் பறப்பதும் விழுவதும் அடுத்தவர் கையில். கேப்டன் மார்வெலா? முதலாளி கையெழுத்துப் போட்டதும் மூச்சை நிறுத்திக்கொண்டவர். ஜெயித்த கம்பெனியா? அதற்கும் ஒரு கெடு இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி, அந்தக் காலத்தில் வெளியான கதைகளுக்குக் காப்புரிமை 95 வருஷம். 2034 ஜனவரி 1-ம் தேதி, அந்த முதல் இதழின் சூப்பர்மேன் (பறக்கத் தெரியாத, தாவிக் குதிக்கிற அதே பழைய ஆள்) எல்லோருக்கும் பொதுவாகிவிடுவார்.

என்னைக் கேட்டால், இந்த வழக்கில் ஆரம்பம் முதல் கடைசி வரை தோற்காத ஆள் ஒருவர்தான். சாட்சிக்கூண்டில் ஏறாதவர். ஒரு தரப்பு கேடயமாகத் தூக்கிப் பிடித்தது, இன்னொரு தரப்பு அவருடைய பலத்தைக் கடன் வாங்கியது, நீதிபதியோ ‘இவருக்கு யாரும் பட்டா போட முடியாது’ என்று சொல்லிவிட்டார்.

ஹெர்குலிஸ்!

அவருடைய கதையை முதலில் சொன்னது யார் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அதை விற்கவும் ஆளில்லை, நிறுத்தவும் ஆளில்லை. அனுமனும் பீமனும்கூட அப்படித்தான். யாரும் யாருக்கும் 130 டாலருக்கு எழுதிக்கொடுக்காதவர்கள்.

அந்தப் பெரிய கூட்டத்தில் போய்ச் சேர, சூப்பர்மேனும் வரிசையில் நிற்கிறார். 2034-ல் உள்ளே விடுவார்கள். தங்கள் பிள்ளை கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாதவனாக ஆவதைப் பார்க்கத்தான், அவரைப் பெற்ற இரண்டு பேரும் இருக்க மாட்டார்கள்.